குதிரை மேல் உடம்பு சொன்னபடி கேட்கவில்லையா? பாலே வழியில் சரிசெய்யும் முறை

ஊட்டியில் குதிரையேற்றம் பழக வருகிறவர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நடக்கும்போது நல்லா இருக்கு, ட்ராட் போனதும் எல்லாம் கலைஞ்சு போயிடுது." ட்ராட் என்றால் நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம். எங்கே கலைகிறது என்று கேட்டால் காலைக் காட்டுவார்கள், கையைக் காட்டுவார்கள். இடுப்பு மூட்டைத் தொட்டுக் காட்டியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

சின்ன வயதில் பரதநாட்டியம் கற்றேன். பிறகு ஆறு வருஷம் மேற்கத்திய நடனமான பாலே. குதிரை அதற்கும் பிறகுதான் வந்தது. பாலேயின் தாவல்களும் சுழற்சிகளும் சேணத்தில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. வகுப்பின் தொடக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அலுக்க அலுக்கச் செய்யும் சின்னச் சின்ன அசைவுகள் இருக்கின்றனவே, அவைதான் உதவின. இடுப்பு அசையாமல் கால் மட்டும் அசையவேண்டும், முதுகு இறுகாமல் கை மட்டும் அசையவேண்டும் என்பதைத்தான் அவை பழக்குகின்றன. குதிரை நம்மிடம் கேட்பதும் அதையேதான்.

இரண்டுக்கும் உறவு பழையது. 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் நடனம், வாள்வீச்சு, குதிரையேற்றம் மூன்றையும் ஒரே இடத்தில் கற்றார்கள். பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் நடனத்துக்கென்று அரசுக் கழகமே அமைத்தார். 'பிரூயெட்' என்ற சொல் இன்றும் இரண்டு பக்கமும் புழங்குகிறது. நடனக்காரர் ஒற்றைக்காலில் சுழல்வதும் பிரூயெட், குதிரை பின்னங்கால்களை மையமாக வைத்துத் திரும்புவதும் பிரூயெட்.

உடம்பைக் குறை சொல்லுமுன்

முதலில் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார்களைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். எல்லாரும் இடது பக்கமாகவே ஏறுவதால் இடது வார் மெல்ல மெல்ல நீண்டுபோகும். துளை எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், நீளம் ஒன்றாக இருக்காது. மாதம் ஒருமுறை இடதை வலதுக்கு மாற்றிப் போட்டால் போதும். இதைச் செய்யாமல் "எனக்கு ஒரு கால் குட்டையோ" என்று மருத்துவரிடம் போனவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து சேணம். இங்குள்ள மட்டக் குதிரைகளுக்கு முதுகு உருண்டையாக இருக்கும், சேணம் ஒரு பக்கம் சரிவது சகஜம். பத்து நிமிடம் நடக்கவிட்டு, வயிற்று வாரை மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள்.

மூன்றாவது, குதிரையின் கால். ட்ராட்டில் குதிரையின் தலை கிட்டத்தட்ட நிலையாக இருக்கவேண்டும். நடையிலும், ட்ராட்டைவிட வேகமான கேன்டரிலும் தலை ஆடுவது இயல்பு, ட்ராட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் தலை மேலே தூக்கினால், தூக்கும் நேரத்தில் தரையில் படும் முன்னங்காலில் வலி இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் உட்காரும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குதிரையை அன்று ஓட்டக்கூடாது.

இவை மூன்றும் சரி என்றால், ஒருவரை விட்டுப் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நொடியில் நிறுத்தி, காதிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். காது, தோள், இடுப்பு மூட்டு, குதிகால் நான்கும் அந்தக் கோட்டில் வரவேண்டும். பாலேயில் இதற்கு 'அப்லோம்' என்று பெயர். பிரெஞ்சில் அதன் பொருள் ஈயக்குண்டு தொங்கும் நேர்கோடு. நம் கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கும் தூக்குக்குண்டுதான். கோடு எந்த இடத்தில் முறிகிறது என்று பார்த்துவிட்டு, கீழே உங்களுக்கான அறிகுறிக்குப் போங்கள்.

ட்ராட்டில் பொத்துப் பொத்தென்று சேணத்தில் விழுகிறது

இதுதான் அதிகம் வரும் குறை. இதைச் சரிசெய்தால் மற்றவற்றில் பாதி தானாகக் கரையும்.

ட்ராட் என்பது இரண்டு தாள நடை. ஒரு முன்னங்காலும் அதற்குக் குறுக்கே உள்ள பின்னங்காலும் சேர்ந்து ஊன்றும், பிறகு மற்ற ஜோடி. நடுவில் ஒரு கணம் நான்கு காலும் தரையில் இல்லை. ஆகவே குதிரையின் முதுகு ஒவ்வொரு அடிக்கும் எழுந்து தாழ்கிறது. நாம் என்ன செய்கிறோம்? விழுந்துவிடுவோம் என்று பயந்து தொடையையும் முழங்காலையும் இறுக்குகிறோம். ஈர சோப்பை இறுக்கிப் பிடித்தால் கையிலிருந்து எகிறுமே, அதுதான் நடக்கிறது. இறுக்கும் கால் நம்மைச் சேணத்திலிருந்து மேலே தள்ளுகிறது, கீழே வரும்போது குதிரையின் முதுகு மேலே வருகிறது. பொத்து.

இதற்கு மருந்து பாலேயின் முதல் பாடமான அரை பிளியே. குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைப் பாதி மடக்கி நிமிர்வது. கேட்க எளிது. இதில் கவனிக்கவேண்டியது மடக்குவதை அல்ல, மூன்று மூட்டும் ஒரே நேரத்தில் மடங்குகின்றனவா என்பதை. இடுப்பு, முழங்கால், கணுக்கால். ஒன்று தாமதித்தால் மற்ற இரண்டும் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கவேண்டும்.

செய்யும் விதம் இது. சமையல் மேடையை ஒரு கையால் லேசாகத் தொட்டு நில்லுங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், விரல்கள் நேர் முன்னே. பாலேக்காரர்கள் விரல்களை வெளியே திருப்பி நிற்பார்கள், நமக்கு அது வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான்கு எண்ணிக்கையில் இறங்கி, நான்கு எண்ணிக்கையில் ஏறுங்கள். பிட்டம் பின்னால் தள்ளுகிறதா, முழங்கால்கள் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தேடுகின்றனவா, குதிகால் எழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இந்த மூன்று திருட்டில் ஒன்று எல்லாரிடமும் இருக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடித்தால், சேணத்தில் நீங்கள் எந்த மூட்டைப் பூட்டுகிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் மெதுவாகச் செய்தபின் வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு விரற்கடை அளவே மடக்கி, ட்ராட் தாளத்தில் ஒரு நிமிடம். கூடவே யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள். பேச்சு வெட்டி வெட்டி வந்தால் வயிறு இறுகியிருக்கிறது. குரல் சீராக வந்தால் மூட்டுகள் குலுக்கலை வாங்கிக்கொள்கின்றன.

குதிரை மேல் போகும்போது நேராக ட்ராட்டுக்குத் தாவாதீர்கள். நடையில், அங்கவடியில் லேசாக எழுந்து, பிட்டம் சேணத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நில்லுங்கள். குதிரையின் பிடரிமயிரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம், தவறில்லை. அது பழகியதும் ட்ராட்டில் எட்டே அடி உட்கார்ந்து, எகிறத் தொடங்குமுன் நடைக்கு வாருங்கள். மறுபடி எட்டு அடி. எகிற எகிற ஒரு சுற்று முழுக்க ஓட்டினால் உடம்பு எகிறுவதைத்தான் மனப்பாடம் செய்யும். குதிரையின் முதுகுக்கும் அது தண்டனை.

காலின் பிடிதான் நம்மை மேலே வைத்திருக்கிறது என்ற எண்ணத்தை விடமுடியாதவர்களுக்கு லிஸ் ஹார்ட்டலைப் பற்றிச் சொல்வேன். டென்மார்க்காரர். 1944-இல் இளம்பிள்ளை வாதம் வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. ஏறவும் இறங்கவும் இன்னொருவர் உதவி வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் அவருக்கு வெள்ளிப் பதக்கம். அந்தப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ள அனுமதி கிடைத்த முதல் ஒலிம்பிக் அது. 1956-இலும் வெள்ளி. கெண்டைக்கால் ஒத்துழைக்காத ஒருவர் குதிரையோடு பேசியது எதைக்கொண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

குதிகால் மேலே ஏறுகிறது, அங்கவடி நழுவுகிறது

"குதிகாலை அழுத்து, குதிகாலை அழுத்து" என்று கத்துவது எல்லா மைதானத்திலும் கேட்கும். அழுத்தச் சொன்னதும் பழகுபவர் முழங்காலை விறைத்துப் பாதத்தை முன்னால் தள்ளுவார். குதிகால் கீழே போனது போலத் தெரியும். ஆனால் கால் முழுக்க இடுப்புக்கு முன்னால் போய், நாற்காலியில் உட்கார்ந்த கோலம் வந்துவிடும். அந்த நிமிடம் குதிரையை மட்டும் மந்திரம் போட்டு மறையவைத்தால், நிற்க முடியாமல் பின்னால் விழுவார்.

குதிகால் தானாக இறங்கவேண்டுமென்றால் கணுக்கால் மடங்கவேண்டும், கெண்டைத்தசை நீளவேண்டும். படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எண்ணிக்கையில் நுனிப்பாதத்தில் எழுந்து, ஆறு எண்ணிக்கையில் இறங்கி, குதிகாலைப் படிக்குக் கீழே போகவிடுங்கள். எழுவது பாலேயின் ரெலவே. நமக்கு லாபம் இறங்குவதில்தான், அதனால்தான் ஆறு எண்ணிக்கை. ஊட்டிக் குளிரில் காலையில் எழுந்தவுடன் இதைச் செய்யாதீர்கள். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடான பிறகு செய்யுங்கள்.

குதிரை வாயைத் திறக்கிறது, தலையை வெட்டி வெட்டி இழுக்கிறது

நொண்டல் இல்லை என்று முன்பே பார்த்துவிட்டோம். பல்லையும் கடிவாளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவையும் சரி என்று வையுங்கள். மிச்சம் இருப்பது உங்கள் கை.

இதில் என் கதையைச் சொல்லவேண்டும். ஊட்டியின் ஷூட்டிங் மட்டம் புல்வெளியில் ஒரு பிற்பகல், மூடுபனி ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் ஓட்டிய சாம்பல் நிறக் குதிரை தலையைத் தூக்கித் தூக்கி இழுத்தது. அடங்கவேண்டும் என்று நான் பிடியை இறுக்கினேன். இறங்கிப் பார்த்தபோது வாயோரத்து நுரையில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று. குதிரைக்கார அண்ணன் அதைத் தன் துண்டால் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. லகானைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு காகிதக் கோப்பையில் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பாப்பா, இன்னைக்கு உனக்கு லகான் இல்ல. இதப் புடிச்சுக்கிட்டு உக்காரு. நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"சிந்தும் அண்ணே."

"சிந்தட்டும். எங்க சிந்துதுன்னு பாரு."

வலது கை சிந்திக்கொண்டே இருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி இறுக்கி வைத்திருந்தேன், உடம்பின் குலுக்கல் முழுதும் நேராக மணிக்கட்டுக்குப் போனது. முழங்கையை விட்டதும் தண்ணீர் அமைதியானது. ஆறு வருஷம் பாலேயில் 'போர் டு பிரா' என்ற கை அசைவுப் பயிற்சி செய்தவள் நான். கையை விரலிலிருந்து தூக்காதே, முதுகிலிருந்து தூக்கு, தோளில் விழுந்த நீர்த்துளி முழங்கை வழியாக விரல் நுனிக்கு உருண்டு போகிற மாதிரி வளைவு இருக்கவேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். குதிரை மேல் ஏறியதும் அத்தனையும் மறந்துபோயிருந்தது.

வீட்டில் இப்படிப் பழகுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் சுவரில் பதியட்டும். ஒரு பெரிய பானையை அணைத்துக்கொண்டிருப்பது போலக் கைகளை முன்னால் வளைத்துப் பிடியுங்கள். எலும்புகள் சுவரை விட்டு விலகாமல் முழங்கைகளை மட்டும் முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்துங்கள். நடையில் குதிரையின் தலை போய்வரும் தூரத்தை வாங்கிக்கொள்ளவேண்டிய இடம் இந்த முழங்கைதான். பிறகு குதிரை மேல், இன்னொருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, அண்ணனின் கோப்பைப் பரீட்சை. அதைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்புகிறது

வலது வட்டம் வெண்ணெய், இடது வட்டம் போராட்டம். நம் உடம்பில் ஒரு பக்கம் எப்போதும் கெட்டியாக இருக்கும். பள்ளிப் பையைச் சுமந்த தோள், குழந்தையை வைத்த இடுப்பு. நம் ஊர்ச் சரிவுகளில் ஒரே திசையில் தினமும் ஏறி இறங்கும் குதிரைக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. இரண்டும் ஒரே பக்கமாக அமைந்தால் கஷ்டம் இரட்டிப்பு.

மரப்பெஞ்சில் கைகளைப் பிட்டத்துக்குக் கீழே வைத்து உட்காருங்கள். இரண்டு இருக்கை எலும்புகளும் உள்ளங்கையில் குத்தும். எந்தக் கையில் அதிகம் அழுத்துகிறது? அந்தப் பக்கத்து விலா பெரும்பாலும் சுருங்கியிருக்கும். எடை குறைந்த பக்கத்தை அமுக்காதீர்கள். சுருங்கிய விலாவை நீட்டுங்கள், எடை தானே பகிர்ந்துகொள்ளும்.

அடுத்தது 'எபோல்மான்'. இடுப்பு ஒரு திசையைப் பார்க்க, தோள் மட்டும் லேசாகத் திரும்புவது. வட்டத்தில் போகும்போது நம் இடுப்பு குதிரையின் இடுப்புக்கு இணையாகவும், நம் தோள் குதிரையின் தோளுக்கு இணையாகவும் இருக்கவேண்டும். பழகாதவர்கள் உள்பக்கத் தோளைச் சாய்த்துத் திரும்புவார்கள், மோட்டார் பைக்கைச் சாய்ப்பது போல. குதிரை அந்தச் சாய்வைத் தாங்க எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். பெஞ்சிலேயே உட்கார்ந்து, இரண்டு எலும்பிலும் எடை மாறாமல், தோளை மட்டும் இடதும் வலதும் ஐந்தைந்து தடவை திருப்புங்கள். எடை மாறிவிட்டால் அவ்வளவு தூரம் திருப்பவேண்டாம். முரண்டு பிடிக்கும் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

இறங்கியதும் கீழ்முதுகு வலிக்கிறது

"நிமிர்ந்து உட்கார்" என்றதும் நெஞ்சைத் தள்ளி இடுப்பைக் குழித்துக்கொள்வதால் வருவது. குழிந்த முதுகால் குலுக்கலை வாங்கமுடியாது. பாலேயில் மேலே இழுத்துப் பிடிப்பது என்பார்கள். நெஞ்சு முன்னால் போகாது, உச்சந்தலை மட்டும் மேலே போகும், வால் எலும்பு கீழே கனக்கும். முதுகுத்தண்டு இரு பக்கமும் நீளும்.

தரையில் மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சை முழுக்க விடுங்கள். அடிவயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியது போல ஒரு இறுக்கம் வரும். சேணத்தில் வேண்டியது அந்த அளவே. மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை உள்ளிழுப்பவர்களுக்கு இங்கே இன்னொரு தொல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரிலிருந்து அன்று காலைதான் மலை ஏறி வந்தவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் திணறி, தோளைக் காதுவரை தூக்கிவிடுவார்கள். அவர்களுக்கு முதல் நாள் நடை மட்டும்.

வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ இந்தக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பார்வை குதிரையின் காதிலேயே நிற்கிறது

தலை ஏறக்குறைய 5 கிலோ. அது குனிந்தால் தோள் வளையும், இடுப்பு மடங்கும், கால் பின்னால் போகும். தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைக் கடந்ததும் அடுத்த மரம். சுழலும் நடனக்காரரும் தலை சுற்றாமல் இருக்க இப்படித்தான் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்துவார்.

முழங்காலும் கால்விரலும் வெளியே திரும்பிக்கொள்கின்றன

நடனம் கற்றவர்களுக்கு அதிகம் வரும் குறை இது, எனக்கும் வந்தது. பாலேயின் அடித்தளமே தொடையை இடுப்பு மூட்டிலிருந்து வெளியே திருப்புவது. பரதநாட்டியத்தில் முழங்காலை வெளியே விரித்துப் பாதி உட்காரும் நம் அரைமண்டியும் அப்படித்தான். பத்து வருஷம் அரைமண்டியில் உட்கார்ந்த பெண்ணைக் குதிரை மேல் ஏற்றினால், அவள் உடம்பு சேணத்தை அரைமண்டி என்றே எடுத்துக்கொள்ளும். முழங்கால் விலகும், விரல் வெளியே போகும், குதிகால் குதிரையின் விலாவில் ஓயாமல் உரசும். குதிரை முதலில் ஓடும். பிறகு, எத்தனை உதைத்தாலும் காது கேளாதது போல மரத்துப்போகும்.

சேணத்துக்கு வேண்டியது நேர் எதிர்த் திசை. தொடையின் தட்டையான உள்பக்கம் சேணத்தில் படியவேண்டும், முழங்காலும் விரலும் முன்னே பார்க்கவேண்டும். விரலை மட்டும் உள்ளே திருப்பினால் முழங்கால் மூட்டு முறுக்கிக்கொள்ளும். திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும்.

ஒரு கையால் மேடையைத் தொட்டு, ஒரு காலில் நில்லுங்கள். மற்ற காலை நீட்டி, விரல் நுனியால் தரையில் அரைவட்டம் வரையுங்கள்: முன்னே, பக்கம், பின்னே. பாலேயின் 'ரோன் டு ஜாம்ப்'. பாலேயில் வெளியே திருப்பி வரைவார்கள், நீங்கள் முழங்கால் தொப்பியை முன்னே பார்க்கவைத்து வரையுங்கள். அரைவட்டம் சின்னதாகிவிடும், பரவாயில்லை. இடுப்பெலும்பில் ஒரு கையை வைத்து, அது அசையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குதிரையிடம் கேன்டர் கேட்கும்போது வெளிக்காலை ஒரு கையகலம் பின்னால் நகர்த்துவது இந்த அசைவின் ஒரு துண்டுதான்.

குதிரை மேல் ஏறியதும் அங்கவடியில் கால் வைக்குமுன் கால்களைத் தொங்கவிட்டு, ஒரு கையால் தொடையின் பின்தசையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுங்கள். தொடை தட்டையாகப் படியும். நடனம் கற்றவர்கள் நான்கைந்து மாதம் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டியிருக்கும்.

எந்தக் குறைக்குப் பழகினாலும், சவாரி முடிந்து சேணத்தை இறக்கியவுடன் குதிரையின் முதுகைப் பாருங்கள். ட்ராட் போன குதிரைக்கு இந்தக் குளிரிலும் சேணத்தடியில் வியர்த்திருக்கும். ஈரத்தடம் முதுகெலும்பின் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா? தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் குதிரை முதுகைத் தாழ்த்தி நழுவுகிறதா? அப்படியென்றால் மறுநாள் வார் நீளத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள், அடுத்து மரப்பெஞ்சு.